பத்தொன்பது பேருக்கு ஒரே அப்பா

அக்காவின் இந்த நினைவு மலரை அச்சிடுவதற்காக ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் உள்ள அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எல்லாம் ரெடியா கீது தம்பி. பேரு மட்டும் போட்டுக்கலாம். போன வாரம்கூட ஒரு வூட்டுக்கு இதான் போட்டோம், படிச்சிட்டு நல்லா அழுதாங்க" என்றார். பண்பின் சிகரம், பாசத்தின் ஊற்று, எளிமையின் இலக்கணம் என்று பத்து வரிகள் இருந்தன. பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகப் புள்ளிகள். எங்கள் அக்கா அதைப் படித்திருந்தால் சிகரத்தின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, "எந்த ஊர் சிகரம்? எப்போது போனாய்?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார். எனவே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன். உறவினர்களும் நண்பர்களும் பிழை பொறுக்க வேண்டும்.

அக்கா வல்லம் வடகாலை அடுத்த எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா டெய்லர். அக்கா பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, இனி யாரும் வரமாட்டார்கள் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது நான் பிறந்தேன். எனக்கு இரண்டு வயதில் அப்பா காலமானார். அப்பாவின் தையல் மெஷினில் அம்மா உட்கார்ந்தார். அக்கா சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகப் போய்ப் படித்து, பி.ஏ., பி.எட். முடித்து, பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஆனார்.

அக்கா பொறுமைசாலி என்று நான் எழுதினால் இந்த மலரை வாங்கிய ஒருவரும் நம்பமாட்டீர்கள். அவர் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்பவர்கூட நிமிர்ந்து நிற்பார். பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு மாப்பிள்ளை, தன் ஆங்கிலத்தைக் காட்ட ஆசைப்பட்டு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். அக்கா அதைத் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்பினார். பத்துக்கு நாலு. அதற்குப் பிறகு வந்த வரன்கள் தமிழிலும் எழுதவில்லை. அம்மா அழுதார். "நாலே அதிகம்மா, கையெழுத்து நல்லா இருந்துச்சுன்னு போட்டேன்" என்று அக்கா சமாதானம் சொன்னார்.

இப்படிப்பட்ட அக்கா, வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் செய்த ஒரு காரியத்தை இங்கே மறைக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றால் பேய். பொதுத்தேர்வில் கட்டுரை எழுதினால்தான் பாஸ். அதற்காக அக்கா பத்தே வரியில் ஒரு கட்டுரையைத் தாமே எழுதி எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்தார். 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்று தொடங்கும். அப்பா ஒரு விவசாயி, விடியற்காலையில் எழுவார், அதிர்ந்து பேசமாட்டார், மாலையில் வீட்டுக்கு வந்ததும் இன்று என்ன படித்தாய் என்று கேட்பார், நான் சொல்லி முடிக்கும்வரை சாப்பிட உட்காரமாட்டார், எனக்குக் காய்ச்சல் வந்தால் என் தலைமாட்டிலேயே இருப்பார் என்று போகும். என் குடும்பம் என்று கேட்டாலும் அதுதான், நான் மதிக்கும் மனிதர் என்றாலும் அதுதான், பொங்கல் பண்டிகை என்றால் முன்னால் பொங்கல் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு அதுதான். வகுப்பு முழுக்கப் பாஸ். தலைமையாசிரியர் அக்காவைக் கண்டால் எழுந்து நிற்காத குறை. நானும் அந்த வகுப்பில் படித்து அந்தக் கட்டுரையாலேயே கரையேறினேன்.

அதற்குள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகள் வந்துவிட்டன. கார் தொழிற்சாலைக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் செய்தி வர, எங்கள் பள்ளியில் படித்த பத்தொன்பது பேர் மனுப் போட்டோம். எழுத்துத் தேர்வில் கடைசிக் கேள்வி: உன் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுது. எங்கள் பத்தொன்பது பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை மேற்பார்வைக்கு நின்றவர் குறித்து வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் தகவல் வந்தது. காப்பியடித்ததாகச் சொல்லி பத்தொன்பது பேரையும் நீக்கிவிட்டார்கள். இனி எந்தத் தேர்வுக்கும் எங்களைக் கூப்பிட மாட்டார்களாம். பாதிப்பேர் வீட்டில் நிலம் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. கம்பெனி வேலையை நம்பித்தான் அடுப்பு எரியவேண்டும். எல்லோரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "காப்பி அடிக்கல டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்தத அப்டியே எழுதிகினு வந்தோம்" என்றான் ஏழுமலை. அக்கா அந்தப் பத்தொன்பது முகங்களையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போனார். பர்சனல் மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர், சாதுவான மனிதர். பத்தொன்பது தாள்களையும் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார்.

"நீங்களே பாருங்கம்மா. பத்தொன்பது பேருக்கும் ஒரே அப்பாவா?"

"அந்த அப்பாவை எழுதினது நான்தான் சார்" என்றார் அக்கா.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். "பசங்க மேல தப்பில்ல சார். தப்பு என்னோடது. ரெண்டு வாரம் டைம் குடுங்க. திரும்ப பரீட்சை வையுங்க. ஒருத்தன் எழுதின வரிய இன்னொருத்தன் எழுதியிருந்தா எல்லாரையும் அனுப்பிடுங்க."

"அப்படி எழுதிட்டு வந்தா நல்லதுதான். எங்களுக்கும் ஆள் வேணும்ல" என்றார் அவர்.

இரண்டு வாரத்தில் பத்தொன்பது பேரைச் சொந்தமாக எழுத வைக்க அக்கா செய்த ஏற்பாடு விசித்திரமானது. இலக்கணப் புத்தகத்தைத் தொடவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு தடிமனான ஆங்கில நாவலை எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் விட்டபிறகு அதே வகுப்பறையில், மீசை முளைத்த நாங்கள் முழங்கால் இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் கேட்டோம். கடலோரத்தில் ஓர் ஊர். அண்ணனும் தங்கையும் பரம்பரை வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று ஐந்நூறு பக்கம் யோசிக்கிறார்கள். அக்கா ஒரு பத்தி படிப்பார், தமிழில் சொல்வார், மறுபடி ஆங்கிலத்தில் படிப்பார்.

மூன்றாம் நாள் ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "இன்னா டீச்சர் இவ்ளோ யோசிக்கிறாங்க? எங்க தாத்தா ஒன்ற ஏக்கருக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துல கையெழுத்து போட்டுட்டாரு."

"போட்டுட்டு இன்னா பண்ணாரு?"

"இன்னா பண்ணாரு, பம்ப்செட் ரூம் சாவிய மட்டும் குடுக்கல. ரூமே இல்ல இப்போ. சாவி இடுப்புல கீது."

"அதை இங்கிலீஷ்ல எழுது" என்றார் அக்கா.

அன்றுமுதல் அதுதான் பாடம். நாவலில் அந்த அண்ணன் கோபம் வந்தால் என்ன செய்கிறான் என்று கேட்பார். பிறகு, "உங்க வூட்டுல கோவம் வந்தா இன்னா பண்ணுவாங்க, எழுது" என்பார். வார்த்தை தெரியாவிட்டால் கேட்கலாம், வரி கேட்கக் கூடாது. ஒருவன், தன் அப்பா நிலம் விற்ற பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கியதாகவும், ஓட்டத் தெரியாததால் தினமும் கழுவுவதாகவும் எழுதினான். இன்னொருவன், தன் அம்மா கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் இடம் முன்பு தங்கள் களமாக இருந்தது என்றும், இப்போதும் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறார் என்றும் எழுதினான். நீண்ட நேரம் அந்த நோட்டை அக்கா கீழே வைக்கவில்லை. பிறகு அதில் ஒன்பது பிழைகளைக் கண்டுபிடித்தார்.

விஷயம் ஊருக்குள் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் கழுவுபவரே கிளம்பி வந்தார். "இன்னாம்மா, எங்க வூட்டு விஷயத்தயெல்லாம் இங்கிலீஷ்ல எழுதச் சொல்லிகினு கீறியாமே? படிச்சுக் காட்டு" என்றார். அக்கா படித்துக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழம ஷாம்பு போட்டுக் கழுவுவேன், அத வுட்டுட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் எழுத வரவில்லை. அம்மாவைப் பற்றி எழுதினால் தையல் மெஷினோடு நின்றுவிட்டது. அப்பாவை எனக்குத் தெரியாது. தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அக்காவிடம் கேட்டேன். "அக்கா, அந்தப் பத்து வரில வர்றது நம்ம அப்பாவா? அவர் உன்ன அப்டிக் கேப்பாரா, இன்னிக்கு இன்னா படிச்சேன்னு?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "அவரா? ஊரு ஜாக்கெட்டெல்லாம் தைச்சு முடிச்சு அவரு வூட்டுக்கு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். பாவம், அவருக்கு எங்க நேரம்? ஒரு ஆசைக்கு எழுதினேன்டா."

நாவல் முடியவில்லை, தேர்வு நாள் வந்துவிட்டது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி எங்களைத் தடவிச் சோதிக்கும்போதுகூட, "டீச்சர், வூட்ட வித்தாங்களா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க" என்று ஏழுமலை கெஞ்சினான். "வேலை வாங்கினு வா, சொல்றேன்" என்று அக்கா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

அதே கேள்விதான். குடும்பத்தில் ஒருவரைப் பற்றிப் பத்து வரி. நான் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன். என் அப்பா விவசாயி அல்ல. அவரை எனக்குத் தெரியாது. பள்ளியில் நான் ஒரு அப்பாவை மனப்பாடம் செய்தேன். அவர் மாலையில் வீட்டுக்கு வந்ததும் என்ன படித்தாய் என்று கேட்பார். எங்கள் வீட்டில் அதைக் கேட்பது என் அக்கா. நான் சொல்லி முடிக்காமல் அவள் சாப்பிட மாட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் இருப்பதும் அவள்தான். ஆகவே என் அப்பா என் அக்கா. ஒரே ஒரு வித்தியாசம், அவள் அதிர்ந்து பேசுவாள். பத்து வரிக்கு ஒரு வரி குறைந்தது, விட்டுவிட்டேன்.

உள்ளே நடந்ததை மேனேஜர் பின்னாளில் எனக்குச் சொன்னார். தாள்களைப் படித்துவிட்டு அக்காவை அழைத்து, என் தாளை மட்டும் கையில் கொடுத்தாராம். அக்கா படித்தாராம். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் திருத்தினாராம். "அம்மா, இது கம்பெனி பேப்பரும்மா" என்று மேனேஜர் பதறினாராம். "மன்னிச்சுக்கோங்க சார்" என்று தாளைக் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அன்று மாலை வீட்டில் அக்கா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. "சட்டைய இஸ்திரி போட்டு வையி" என்றார், அவ்வளவுதான்.

பதினாறு பேருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. மீதி மூன்று பேரை அக்கா விடவில்லை, அடுத்த முறை உள்ளே தள்ளினார். சேர்ந்த முதல் ஞாயிறு எல்லோரும் யூனிஃபார்மோடு வந்து நாவலின் முடிவைக் கேட்டோம். விற்றுவிட்டார்கள். ஏழுமலை இரண்டு நாள் அசெம்பிளி லைனில் யாரோடும் பேசவில்லை.

அந்தப் பத்து வரிக் கட்டுரையை அக்கா அதன்பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. அவ்வருடம் ஆங்கிலத்தில் நான்கு பேர் ஃபெயில். தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு பேரும் சொந்தமா எழுதி ஃபெயில் ஆயிருக்காங்க சார்" என்று அக்கா பெருமையாகச் சொன்னதை அவர் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. அக்டோபர் மறுதேர்வில் நால்வரும் பாஸ்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்தாத கையில் நாவலைப் பிடித்துப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கதை சொல்வார். ஒரு பாட்டி கதையின் மீதியைக் கேட்பதற்காகத் தன் முறையை அக்காவின் நாளுக்கு மாற்றிக்கொண்டார். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து போனால் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு இன்னா?" என்பார். லைனில் நடந்ததையெல்லாம் சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடிப்பார். என் வாழ்நாளில் நான் இப்படி யாருக்காகவும் நீட்டிப் பேசியதில்லை, சுருக்கிப் பேசியிருக்க வேண்டும், கஞ்சி ஆறிப்போகும்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து விடியற்காலையில் வந்து வாசலில் ஹாரன் அடிக்காமல் காத்திருந்த ஆட்டோ அண்ணனுக்கும், ஓவர்டைமை விட்டுவிட்டு முறை வைத்து ஆஸ்பத்திரியில் இருந்த, என்னோடு தேர்வெழுதிய பதினெட்டு பேருக்கும், ஃபெயில் கணக்கை மறந்து முதல் மாலையைக் கொண்டுவந்த தலைமையாசிரியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

பெரியப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது என்னால் கொள்ளிக்கட்டையைப் பிடிக்க முடியாது என்று அவர்தான் வைத்தார். அக்காவுக்கும் அவரே வைப்பதாக இருந்தது. "கல்யாணம் ஆவாத பொண்ணு, நீ சின்னவன், தம்பி வைக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்லடா" என்று மயானத்தில் கொள்ளியைக் கையில் வாங்கிவிட்டார்.

"அப்பாவுக்குத்தான் அன்னிக்கு என்னால வைக்க முடியல பெரியப்பா. இப்ப வைக்கிறேன், குடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.