கொள்ளு பக்கெட்

குதிரைப் பந்தயம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கிண்டி மதில் சுவர்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து தினமும் பார்ப்பேன், சுவரை மட்டும். உள்ளே குதிரை ஓடுகிறதா கழுதை ஓடுகிறதா, யார் கண்டது. அப்படிப்பட்ட நான் தொண்ணூறுகளில் ஒரு காணும் பொங்கலன்று கிராமத்துக் குதிரை ரேக்ளா ரேஸுக்குப் போனேன். போனது மட்டுமில்லை, அதைக் கெடுத்துவிட்டும் வந்தேன். என் பிள்ளைகளிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை, பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் எங்களுக்குக் கீழ்வீடு. அவள் புருஷனை மாமா என்பேன். மாமா பீச்சில் குதிரை சவாரி விடுகிறவர். ஒரே குதிரை, செம்மண் நிறம். அதை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். பெற்ற அப்பனைக்கூட அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டிருக்க மாட்டார். சாயங்காலம் அக்காவோ நானோ ஊறவைத்த கொள்ளைத் தகர பக்கெட்டில் எடுத்துக்கொண்டு போய், மணலில் நின்று டக்டக்கென்று தட்டுவோம். அலைச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? பக்கெட் சத்தம் கேட்டால் மட்டும், முதுகில் ஆள் இருந்தாலும் சரி, நைனா நேரே வந்துவிடும். ஒருதரம் திருநெல்வேலியிலிருந்து வந்த புது மாப்பிள்ளையையே எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. பெண்வீட்டார் கரையில் நின்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு செங்கல்பட்டு தாண்டி ஒரு ஊர். அவள் அண்ணன் அங்கே ரேக்ளா ஓட்டுகிறவன், அதில் அவனுக்குப் பெரிய பேர். அவள் மாமாவைக் கட்டிக்கொண்டு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. "பீச்சுல கொழந்தைங்கள ஏத்தி எறக்குறவன்லாம் ஒரு குதிரைக்காரனா? அவனோட இந்த வாசப்படி மிதிக்காத" என்று அண்ணன்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். அக்கா மாதம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊர் டீக்கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்வாள். அம்மாவுக்குப் பதில் அண்ணன் குரல் கேட்டால் வைத்துவிடுவாள்.

மாமாவுக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. "உங்க ஊரு ரேஸ்லயே ஜெயிச்சு, கப்போட உன்ன உங்கம்மா வாசல்ல கொண்டாந்து வுடறேன். தோத்தா அந்தத் தெருப் பக்கமே திரும்ப மாட்டேன், அப்டியே வந்துடலாம்" என்றார். ரெண்டு மாசம் விடியற்காலையில் கடலோர ரோட்டில் நைனாவை வண்டியில் பூட்டிப் பழக்கினார். காணும் பொங்கலன்று மொத்த மெட்ராஸும் பீச்சில்தான் இருக்கும், குதிரைக்காரனுக்கு வருஷத்திலேயே அதுதான் நாள். அதையே விட்டுவிட்டு டெம்போவில் நைனாவையும் இரவல் ரேக்ளாவையும் ஏற்றினார். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டாள். வேடிக்கை பார்க்க நான் தொற்றிக்கொண்டேன், நைனாவின் பக்கெட்டோடு.

ரேக்ளா என்றால் ஏதோ தேர் மாதிரி நினைத்திருந்தேன். ரெண்டு சக்கரம், நடுவில் ஒரு பலகை, அவ்வளவுதான். ஊர் எல்லையில் கிளம்பி ஏரி மதகுவரை ஓடி, அங்கே நீட்டுகிற கொடியை வாங்கிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ரோட்டின் ரெண்டு பக்கமும் ஜனம், மரத்துமேல் ஜனம், கரும்பு கடிக்காத வாய் ஒன்றுகூட இல்லை. நாங்கள் எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இடம் பிடித்தோம். அக்கா என் தோளைத் தொட்டு, "அதோ முருங்க மரம், ஓட்டு வூடு தெரியுதா? அதான் எங்க வூடு. அம்மா உள்ளதான் கீது" என்றாள். பிறகு ரேஸைப் பார்க்கவே இல்லை, அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வண்டிகள் திரும்பும்போது புழுதியிலிருந்து முதலில் வெளியே வந்தது அண்ணன்காரனின் கறுப்புக் குதிரை. அதற்குப் பின்னாலேயே நைனா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பைத் தாண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் வந்துவிட்டது. கொடியை வாயில் கவ்விக்கொண்டு மாமா உட்கார்ந்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் தட்டு, தப்பு, தகர டின் என்று கையில் கிடைத்ததைத் தட்டினார்கள். எனக்குக் கை சும்மா இருக்குமா? நானும் தட்டினேன். கையில் இருந்தது பக்கெட்.

நைனாவின் காது ரெண்டும் விறைத்தது. கோட்டுக்கு இருபதடிகூட இல்லை. மாமா கடிவாளத்தை இழுத்த இழுப்புக்கு அது மசியவே இல்லை. ரோட்டை விட்டு இறங்கியது, ஜனம் அலறிப் பிரிந்தது, வண்டியோடு வந்து என் கையிலிருந்த பக்கெட்டுக்குள் தலையை விட்டது. கறுப்புக் குதிரை கோட்டைத் தாண்டியது. ஊரே சிரித்தது. "பீச்சு குதிர தீனிக்கு வந்துடுச்சுடோய்" என்று எவனோ கத்தினான்.

அக்கா என் கையிலிருந்து பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மாமா இறங்கி வந்து, "எவ தட்டுனது?" என்றார். "நான்தான்யா. ஏதோ நெனப்புல தட்டிட்டேன்" என்றாள் அக்கா. தெருமுனைவரை கேட்கிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் நைனாவின் கழுத்தைத் துடைத்தார். "சரி, ஏறுங்க" என்றார். டெம்போ அந்த முருங்கை மரத்தைத் தாண்டும்போது அக்கா தலையைத் தூக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பட்டினப்பாக்கம் வந்துவிட்டோம். இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்து, "ஏன்க்கா உன் தலைல போட்டுக்கின?" என்று கேட்டேன். "அவரு உன்ன திட்டுனா ரெண்டு பேரும் வருசக் கணக்குல முறைச்சிக்கினு இருப்பீங்க. என்ன திட்டுனா சோறு துன்ற நேரத்துல சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். அப்படி ஒரு மனுஷியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அடுத்த காணும் பொங்கல் காலையில் எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் மாமா. கையில் அந்தப் பக்கெட், காலியாக.

"இந்தா பாப்பா. நாங்க வர்ற வரிக்கும் உன் வூட்டுல இருக்கட்டும். தட்டாத."

கீழே நைனாவையும் ரேக்ளாவையும் ஏற்றிய டெம்போவில் அக்கா சிரிப்பது கேட்டது. ஒரு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கெட்டை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

தோற்றிருந்தால் அன்று சாயங்காலமே வந்திருப்பார்கள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாலு நாள் அந்தப் பக்கெட் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது, வீடு பெருக்கும்போதுகூட நான் அதைத் தொடவில்லை.