கிழிசல் வழியே கற்ற நடனம்

'பம்பாயில் பயின்ற ஓரியண்டல் டான்ஸ் மாஸ்டர் முனிராஜ்' என்று 1941இல் கம்பைநல்லூரில் போர்டு மாட்டினேன். பம்பாயாவது, மண்ணாவது! நாடகக் கம்பெனியில் பின்படுதா இழுக்கிற வேலை எனக்கு. அதன் கிழிசல் வழியே பார்த்துக் கற்றதுதான் என் மொத்த வித்தை. கை, கால், இடுப்பு எல்லாம் அத்துப்படி.

அரூரில் முதல் மேடை. ஏறும்போது மாணவி பாப்பம்மாள் கேட்டாள்: "மூஞ்சிய எப்படிங்க வெச்சுக்கறது, மாஸ்டர்?"

திக்கென்றது. ஆடுகிறவர்களின் முதுகைத்தானே நான் பார்த்திருக்கிறேன்!

"ஜனங்களுக்கு முதுகக் காட்டியே ஆடிடும்மா. அதான் ஓரியண்டல்."

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள்.

பொம்மிடியிலிருந்து வந்திருந்த இன்னொரு டான்ஸ் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பம்பாய்ல நாங்களும் இப்படித்தாங்க ஆடுனோம்."

அடடா, அங்கே நிஜமாகவே அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.