உரமூட்டைக்கு ஒரு காம்பரா, எங்களுக்கு ஒரு கூடாரம்

கல்யாணமாகி நாலாவது மாசம் நான் புருஷனைக் கூட்டிக்கிட்டு லயத்தை விட்டு வெளியேறி, மலைக்கு மேல கூடாரம் போட்டுக் குடியிருந்தேன். பதினோரு நாள். இன்னைக்கும் எங்க தோட்டத்துப் பழைய ஆளுங்க யாராச்சும் என்னைக் கண்டா, "கூடாரக்காரி வர்றா"ன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். நான் ஒண்ணும் களவெடுக்கல.

நான் பொறந்தது லிந்துலைப் பக்கம். வாக்கப்பட்டது அக்கரப்பத்தனையில ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, ஆனா நாங்க எந்த நாட்டுக்காரங்கன்னு மட்டும் ஒருத்தனும் சொல்லல. நாடுதான் அப்படின்னா வீடும் அப்படித்தான். லயம்னா வரிசையா ஒட்டிக் கட்டின அறைங்க; புருஷன் வீட்டுக்கு அதுல ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னெண்டடி. அதுக்குள்ள மாமனாரு, மாமியாரு, கொழுந்தனுங்க ரெண்டு பேரு, நாத்தனா ஒருத்தி, அப்புறம் நாங்க. ஏழு பேரு! நடுவுல ஒரு பழைய சேலையைக் கட்டி, "இந்தப் பக்கம் உங்களுக்கு"ன்னாங்க. சேலைக்கு அந்தப் பக்கம் மாமனாரு இருமுவாரு, இந்தப் பக்கம் நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். புருஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா கொழுந்து மலைக்குப் போற வழியிலதான் பேசணும். அதுவும் கங்காணி பார்க்காத நேரமா பார்த்து.

எங்க லயத்துல கடைசிக் காம்பரா ஒண்ணு சும்மா கெடந்துச்சு. சும்மான்னா, ஆளு இல்ல. உரமூட்டை அடுக்கி வச்சிருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் கண்டாக்கையாகிட்டப் போய்க் கேட்டோம். தோட்டத்து மலைவேலை எல்லாம் அவரு கையிலதான். துரைக்கு அடுத்தது அவருதான்.

"அப்ப உரமூட்டையை எங்க வைக்கிறது? உன் தலையிலயா?"ன்னாரு.

மூணு தடவை கேட்டோம். மூணு தடவையும் அதே பதில். ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே, "உரம் நனைஞ்சா வீணாப்போயிரும். நீங்க நனைஞ்சா காஞ்சுருவீங்க"ன்னாரு. அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டுச்சு.

அது மாசி மாசம். லயத்துல காமன் கூத்து நடந்துக்கிட்டிருந்துச்சு. தெனமும் பொழுது சாஞ்சா தப்பு அடிச்சு, பாட்டுப் பாடி, காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் பண்ணி வைக்க மொத்தத் தோட்டமும் கூடும். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. "ஏங்க, வேஷம் கட்டின சோடிக்குக் கல்யாணம் பண்ணிவைக்க இத்தனை பேரு வர்றாங்களே. நெசமா கல்யாணம் பண்ணின சோடிக்கு ஒரு கதவு கொடுக்க ஒருத்தனுக்கும் மனசு இல்லையா?"ன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு நல்ல மனுஷன், ஆனா வாயில்லாப்பூச்சி.

அந்த வாயில்லாப்பூச்சிக்கு ஒரு வேலை மட்டும் நல்லாத் தெரியும். கூடாரம் போடுறது. வருஷா வருஷம் வெயில் காலத்துல எங்க துரையும் துரைசாணியும் சிநேகிதங்களோட மலைக்கு மேல மூணு நாள் போய்த் தங்குவாங்க. மீன் புடிக்கிறது, பூ பார்க்கிறது, வெயில்ல படுத்துக் கெடக்கிறது. கூடாரத்தைச் சொமந்துக்கிட்டுப் போறது, முளை அடிக்கிறது, மழைத்தண்ணி வடியச் சுத்திக் கான் வெட்டுறது எல்லாம் எங்க வீட்டுக்காரருதான். கல்யாணமான புதுசுல இதைச் சொன்னாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல.

"எட்டு அறை பங்களா இருக்கு துரைக்கு. அதை விட்டுட்டு எதுக்குத் துணிக்குள்ள போய்ப் படுக்கிறாரு?"

"அனுபவிக்கிறதுக்காம்"னாரு.

அந்த வார்த்தை என் மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு. உரமூட்டைப் பேச்சைக் கேட்டுட்டு வந்த அன்னைக்கு அது மேல வந்துச்சு. "நாமளும் ஒண்ணு போடுவோம்ங்க"ன்னேன். அவரு மூஞ்சி செத்துப்போச்சு. பத்துச்சீட்டுக் கொடுத்துருவாங்கன்னாரு. பத்துச்சீட்டுன்னா வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. பொட்டி படுக்கையோட மொத்தக் குடும்பமும் தோட்டத்தை விட்டு எறங்கணும். எனக்கும் பயம் இல்லாம இல்ல. ஆனா எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க? "எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போடுவோம். அது தோட்டத்துப் பூமி இல்ல. வேலைக்கு ஒரு நாளும் பிந்தக் கூடாது. அப்புறம் என்னான்னு சீட்டுக் கொடுப்பாங்க?"ன்னேன்.

எங்கம்மா சீதனமா கொடுத்த கம்பளி ரெண்டு இருந்துச்சு. மழைக்குத் தலையில போட்டுக்கிட்டுக் கொழுந்து எடுக்கிறதுக்கு. அதை ஒண்ணா தைச்சுக் கூரையாக்கினேன். கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுற படங்கு நாலு, அதைப் பக்கத்துக்குத் தைச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் பார்க்க மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு மேல ஏறினேன். என் மாமியா காம்பராவுக்கு முன்னால இருக்கிற இஸ்தோப்புல நின்னு கத்துன கத்து இருக்கே, அடி ஆத்தி!

"மானத்தை வாங்க வந்தவளே! நாங்கள்லாம் குடும்பம் நடத்தலையா? நாலு புள்ளையை இந்தக் காம்பராவுலதான்டி பெத்தேன்! உனக்கு மட்டும் தனியா கேக்குதோ?"

"ஆமா அத்தை, கேக்குது"ன்னு சொல்லிட்டு நடந்தேன். என் பின்னாடியே அவரு கம்புகளைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. லயமே சிரிச்சுச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா என்ன?

எல்லைக்கல்லைத் தாண்டினா பத்தனை, வெறும் புல்வெளி. மானாப்புல்லு வெயிலுக்குக் காஞ்சு மஞ்சளா நின்னுச்சு. ஓடைக்கு மேல தட்டையா ஒரு எடம் பார்த்து, அவரு ஒரு மணி நேரத்துல கூடாரத்தை நிறுத்திட்டாரு. முளை ஒவ்வொண்ணும் அசையல. சுத்திக் கான் வெட்டினாரு. நான் உள்ள போய் உக்காந்து வெளிய பார்த்தேன். நேரா கீழ லயம் தெரிஞ்சுச்சு. கூரையெல்லாம் பொகை. என் மாமியா முற்றத்துல நின்னு மேல பார்த்துக் கையை ஆட்டி ஏசிக்கிட்டிருந்தா.

"ஏங்க, வாசலை ஏன் இந்தப் பக்கம் வச்சீங்க?"

அவரு யோசிச்சாரு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. துரை கூடாரத்துக்கு வாசல் எப்பவும் வேலைக்காரங்க இருக்கிற பக்கம் பார்த்துத்தான் வைப்பாங்களாம். கூப்பிட்டா ஓடி வர வசதியா. அந்தப் பழக்கத்துல கை தானா செஞ்சுருக்கு.

"நாம கூப்பிட யாரு இருக்கா? நம்மளைக் கூப்பிடத்தான் ஆளு இருக்கு. திருப்புங்க"ன்னேன்.

அத்தனை முளையையும் புடுங்கித் திருப்பிப் போட்டாரு. முதுகு லயத்துக்கு, மூஞ்சி மலைக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் ரத்மல் மரம் முழுக்கச் சிவப்பாப் பூத்துக் கெடந்துச்சு. நான் பதிமூணு வயசுலருந்து மலையிலதான் நிக்கிறேன். ஆனா மலையை நின்னு பார்த்ததில்ல. கூடை முதுகுல, கண்ணு கொழுந்துல. நிமிந்தா, "என்னா வேடிக்கை?"ன்னு கங்காணி சத்தம் போடுவாரு. அன்னைக்கு நான் காலை நீட்டி உக்காந்து சாயங்காலம் வரைக்கும் வேடிக்கை பார்த்தேன். ஒருத்தனும் கேக்கல.

அந்தச் சொகத்தை எப்படிச் சொல்றது! பகலெல்லாம் வெயிலை வாங்கின பாறை, பொழுது சாஞ்ச பிறகும் சூடா இருக்கும். ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு, அந்தப் பாறையில உக்காந்து தின்னுவோம். ஓடைத் தண்ணி குளிர்ல காலை வெட்டும், இருந்தும் நான் எறங்குவேன். விடியக்காலையில ஒரு மரைமான் குட்டியோட தண்ணி குடிக்க வரும். எங்களைப் பார்த்துட்டு நிக்கும், நாங்களும் அதைப் பார்ப்போம். அப்புறம் அது பாட்டுக்குப் போயிரும். வாயில்லாப்பூச்சின்னு சொன்னேனே, அந்த மனுஷன் அங்க வாய் ஓயாம பேசினாரு. சின்ன வயசுல பயந்தது, ஆசைப்பட்டது, எல்லாம். சேலைக்குப் பின்னாடி நாலு மாசம் குடும்பம் நடத்தியும் என் புருஷனோட சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அங்கதான் கேட்டேன்.

விடியற நேரத்துல கீழ வேலைக்குக் கூப்பிட்டுத் தப்பு அடிக்கிறது சன்னமா கேக்கும். ஓட்டமா எறங்கி எல்லாருக்கும் முந்தி, வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்களத்துல போய் நிப்போம். அன்னன்னைக்குக் கொழுந்துலயும் நான்தான் முன்னால. வேணும்னே எடுத்தேன். கண்டாக்கையா என்னைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிச்சாரு, குத்தம் சொல்ல ஒண்ணும் கெடைக்கல.

வியாழக்கிழமை சாயங்காலம் கண்டாக்கையா துரையையே கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. ரெண்டு பேரும் ஏறி வந்து கூடாரத்து முதுகுக்கு முன்னால நின்னாங்க. வாசலைக் காணோம். சுத்திச் சுத்தி வந்து, கான்ல காலை விட்டு, ஒரு வழியா முன்பக்கம் வந்து சேந்தாங்க. நான் அடுப்பு ஊதிக்கிட்டிருந்தேன். எழுந்து நின்னேன், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு கைகட்டி நின்னாரு.

"என்ன இது?"ன்னாரு துரை. நல்லாவே தமிழ் பேசுவாரு, ஆனா எல்லாமே அதட்டல்தான்.

"கூடாரங்க தொரை."

"யாரு இங்க போடச் சொன்னது?"

"துரையும் துரைசாணியும் வருஷா வருஷம் போடுறீங்க. உங்களுக்கு யாருங்க போடச் சொன்னது?"

கண்டாக்கையா, "ஏய், வாயை மூடு!"ன்னு குதிச்சாரு. துரை கையைக் காட்டி நிறுத்திட்டு, "நாங்க வர்றது அனுபவிக்க"ன்னாரு.

"நாங்களும் அதுக்குத்தாங்க வந்திருக்கோம்"னேன்.

துரை மூஞ்சி சிவந்துச்சு. எனக்கும் பயம்தான், பொய் சொல்லல. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டேன். "வேலைக்கு ஒரு நாள் பிந்தினோமா, கண்டாக்கையாவைக் கேளுங்க. கொழுந்து கொறைஞ்சுச்சா, கேளுங்க. இது தோட்டத்துப் பூமியும் இல்ல. உரமூட்டை இருக்கிற காம்பராவைக் கொடுங்க, இப்பவே எறங்குறோம்"னேன். அப்பத்தான் என் புருஷன் வாயைத் தொறந்தாரு. "ஆமாங்க தொரை. உங்க கூடாரத்தை ஏழு வருஷமா நான்தான் போடுறேன். ஒரு நாள் கூட அதுக்குள்ள நான் படுத்ததில்ல"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு அது போதும்.

துரை கூடாரத்தைச் சுத்திப் பார்த்தாரு. முளையை மிதிச்சுப் பார்த்தாரு. "ஞாயித்துக்கிழமைக்குள்ள பிரிச்சிரணும். இல்லாட்டி பத்துச்சீட்டு. குடும்பத்துக்கே"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு.

அந்த ரெண்டு நாளும் என்னால மாமனாரு மாமியாரும் தெருவுல நிக்கணுமான்னு மனசு அடிச்சுக்கிச்சு. பிரிச்சிரலாமான்னு நானே கேட்டேன். அவருதான், "பிரிக்க வேண்டாம்"னாரு. சனிக்கிழமை மத்தியானம் கீழருந்து ஆளுங்க ஏறி வர்ற சத்தம். அடிக்க வர்றாங்கன்னு நெனச்சேன். பார்த்தா, மேக்கு லயத்துல போன வருஷம் கல்யாணமான ஒரு சோடி. தலையில படங்கு மூட்டை. "அக்கா, எங்களுக்கும் எடம் இருக்கா?"ன்னா அந்தப் புள்ளை. ஞாயித்துக்கிழமை இன்னொரு சோடி, கைக்குழந்தையோட. மூணு கூடாரத்துக்கும் எங்க வீட்டுக்காரருதான் முளை அடிச்சாரு. மூணும் லயத்துக்கு முதுகைக் காட்டி நின்னுச்சு. துரை பங்களா முற்றத்துல தேத்தண்ணி குடிக்க உக்காந்தா அந்த மூணு முதுகும் நல்லாத் தெரியும். விருந்துக்கு வர்ற பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கும் தெரியும்.

ஒரு குடும்பத்தை வெரட்டலாம். மூணு குடும்பத்தையும் வெரட்டினா கொழுந்து யாரு எடுக்கிறது? திங்கள், செவ்வாய் ஒரு பேச்சும் இல்ல. புதன்கிழமை பெரட்டுல கண்டாக்கையா என் மூஞ்சியைப் பார்க்காம, "உரமூட்டையை ஃபேக்டரிக்கு மாத்தச் சொல்லிட்டாரு துரை. போய்க் காம்பராவைக் கூட்டிக்க"ன்னாரு. மத்த ரெண்டு சோடிக்கும் பாழடைஞ்சு கெடந்த பழைய லயத்துல தகரம் போட்டுக் கொடுத்தாங்க. காம்பரா முழுக்க உர நாத்தம். சாணி போட்டு மூணு தடவை மெழுகினேன். கதவைச் சாத்தி, தாப்பாளைப் போட்டுட்டு, நடுவுல நின்னு அழுதேன்.

கூடாரத்தை ஞாயித்துக்கிழமை போய்ப் பிரிச்சுக்கலாம்னு விட்டிருந்தோம். அன்னைக்குப் பத்து மணி இருக்கும், என் மாமியா வந்து கதவுகிட்ட நின்னா. ரெண்டு வாரமா என்கிட்டப் பேசாதவ.

"அந்தக் கூடாரத்தைப் பிரிச்சாச்சா?"

"இல்ல அத்தை. இனிமேதான் போகணும்."

"இன்னைக்குப் பிரிக்காத"ன்னுட்டுத் திரும்பினா. தேத்தண்ணிக் கேத்தலை எடுத்தா, ரெண்டு ரொட்டியைத் துணியில கட்டினா. இஸ்தோப்புல உக்காந்திருந்த மாமனாரைப் பார்த்து, "ஏங்க, எந்திரிங்க"ன்னா. அவரு கம்பளியைத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு.

பட்டப்பகல். லயமே வாசல்ல நின்னு பார்க்குது. அவ முன்னால, அவரு பின்னால. பைப்படியில தண்ணி புடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டு, "என்னாக்கா, இந்த வயசுலயா?"ன்னா.

என் மாமியா நின்னா. திரும்பி அவளைப் பார்த்தா.

"ஆமாடி, இந்த வயசுலதான். அந்த வயசுல எங்கடி எடம் இருந்துச்சு?"