தண்ணிக்கு எம்புட்டுத் தூரம்?

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பீவி ஜான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறாள். மாதக் காலண்டரின் தலையில் தகரப்பட்டை அடிக்கிற மேஜை அவளுடையது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கக்கத்தில் கட்டை வைத்து நடப்பாள். தூரமாகப் போக வேண்டுமென்றால் மூன்று சக்கர ஸ்கூட்டர். அதில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்பார்கள்.

ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் வந்து குவியத் தொடங்கும். அப்புறம் மார்கழி வரைக்கும் மூச்சு விட முடியாது. அதற்கு நடுவில் எல்லோரும் ஒன்றாக வெளியே போய்வரக் கிடைப்பது ஆகஸ்ட் பதினைந்து மட்டும்தான். முதலாளி மணிகண்டராஜ் வேன் பிடித்துக் கொடுப்பார். கந்தகப் பூமியின் வெயிலில் காய்ந்த சனம் வேறெங்கே போகும்? வருஷா வருஷம் கடல்தான். திருச்செந்தூர், கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று மாறி மாறிப் போய்வருவார்கள்.

பீவியும் தவறாமல் போவாள். ஆனால் வேனை விட்டு இறங்க மாட்டாள். மணலில் கட்டை புதைந்துவிடும். கூட்டத்தில் யாராவது இடித்தால் விழ வேண்டியதுதான். எல்லோருடைய பைகளுக்கும் காவலாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளை மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சுண்டல் வாங்கி வந்து கொடுப்பார்கள். பக்கத்து மேஜை ராமுத்தாய் ஒரு தடவை தண்ணீர் பாட்டிலில் கடல்நீரை மொண்டு வந்து அவள் காலில் ஊற்றினாள். பீவி சிரித்தாள். அன்று வீடு திரும்பியதும் அந்தப் பாதங்களைக் கழுவ மனசே வரவில்லை.

இந்த வருஷமும் ஆடி பிறந்ததுமே எங்கே போவது என்று சண்டை தொடங்கியது. இளவட்டங்களுக்குக் கன்னியாகுமரி. பெரியவர்களுக்குத் திருச்செந்தூர். இரண்டும் வேண்டாம், மணப்பாடு போகலாம் என்று ஒரு கட்சி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் கூடிப்போக, முதலாளியே உள்ளே வந்தார்.

"பீவி, நீ ஏன் பேசாம இருக்க? ஒனக்கு எங்கன போகணும்?"

"நான் இந்தத் தடவை வரலை, அண்ணாச்சி."

"ஏன், ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வேனுக்குள்ள உக்காந்து சுதந்திர தினம் கொண்டாட எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்? அதுக்குத் திருத்தங்கல்லயே நெழல் கெடக்கே."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள். ஆனாலும் ராமுத்தாய் கையிலிருந்த உருண்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

மணிகண்டராஜ் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். "சரி, இந்த வருஷம் எடத்தை நீ பாத்துச் சொல்லு. நீ சொல்ற எடத்துக்குத்தான் வேன் போகும்."

அன்று மாலையே பீவி வேலையில் இறங்கினாள். கடற்கரை ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இந்தக் கம்பெனியில் காலண்டர் அடிக்கிறவர்கள். கடையின் பெயரும் போன் நம்பரும் காலண்டரிலேயே இருக்கும். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்: "உங்க ஊர்ல ரோட்டுல இருந்து தண்ணிக்கு எம்புட்டுத் தூரம்?"

ஒருத்தர் நிலம் வாங்கவா என்று கேட்டார். இன்னொருத்தர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். வேம்பாருக்குப் பக்கத்தில் வலைக்கடை வைத்திருக்கும் சூசை மிக்கேல்தான் திருப்பிக் கேட்டார்.

"எதுக்குக்கா கேக்கீங்க?"

பீவி மறைக்காமல் சொன்னாள்.

"தூரம் கொஞ்சம் கூடத்தான். மணலும் ஆளை உள்ள இழுக்கும். ஆனா வள்ளத்தைக் கரையேத்த எங்ககிட்ட டிராக்டர் இருக்குல்லா? அது தண்ணிக்குள்ளயே போகும். பின்னால பெட்டியை மாட்டிக்கிடுவோம். ஏறிக்கிடுவீங்களா?"

"தூக்கி விட்டா ஏறிக்கிடுவேன், தம்பி."

இடத்தைச் சொன்னதும் இளவட்டங்கள் முகத்தைச் சுளித்தார்கள். "அங்கன என்னக்கா இருக்கு?"

"கடல் இருக்கு," என்றாள் பீவி.

பதினைந்தாம் தேதி காலையில் கம்பெனி வாசலில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அப்படியே வேன் கிளம்பியது. சாத்தூரைத் தாண்டியது முதல் பீவிக்கு ஒரே யோசனை. எல்லோரையும் தன் ஒருத்திக்காக ஒன்றுமில்லாத ஊருக்கு இழுத்துக்கொண்டு போகிறோமோ என்று பயம். விளாத்திகுளத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, "திருச்செந்தூருக்கே போயிருவமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, பேசாம வா," என்றாள் ராமுத்தாய்.

கடற்கரையில் ஒரு கடைகூட இல்லை. மீன்பிடி வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. வெயில் மணலில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. சூசை மிக்கேல் சொன்னபடியே டிராக்டரோடு நின்றார். முகப்பில் யாரோ சின்னத் தேசியக் கொடியைக் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். ராமுத்தாயும் இரண்டு பெண்களும் பீவியைத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

டிராக்டர் தடதடத்துக்கொண்டு மணலில் இறங்கியது. அலை சக்கரத்தில் மோதியதும் பீவி, "யா அல்லாஹ், போதும் தம்பி, போதும்!" என்று கத்தினாள். இன்னும் கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் அவர் நிறுத்தினார். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

முதலில் ராமுத்தாயின் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். அலை வந்து தூக்கியது, இறக்கியது. மெல்லக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். நாற்பது வருஷமாக அவள் இழுத்துக்கொண்டு திரிந்த கால் தண்ணீரில் தானாகவே மிதந்து மேலே வந்தது. எது நல்ல கால், எது சூம்பிய கால் என்று கனத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"விடு," என்றாள்.

"எதை விடச் சொல்றே?"

"என்னையத்தான். ஒரு கையை மட்டும் பிடிச்சுக்க."

அப்படியே நின்றாள். கட்டை டிராக்டரில் கிடந்தது. அடுத்த அலையில் தடுமாறி, வாய் நிறைய உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே மறுபடியும் நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராமுத்தாய்க்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

முகத்தைச் சுளித்த இளவட்டங்கள்தான் அப்புறம் டிராக்டர் சவாரிக்கு அடித்துக்கொண்டார்கள். சூசை மிக்கேலின் மனைவி வைத்த ஊளி மீன் குழம்புக்குச் சோறு பத்தாமல் இரண்டாவது உலை வைக்க வேண்டியதாயிற்று. பீவி ஈரத் துணியோடேயே சாப்பிட்டாள். மதியத்துக்கு மேல் இன்னொரு தடவை கடலுக்குள் போய்விட்டுத்தான் வேன் ஏறினாள்.

விஷயம் திருத்தங்கலில் பரவ அதிக நாள் ஆகவில்லை. மற்ற கம்பெனிக்காரர்களும், தாயில்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களும் லீவு நாள் நெருங்கினால் இப்போது பீவியைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டால் அவள் உடனே ஊரைச் சொல்வதில்லை.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்பாள். "உங்கள்ல வேன்லயே உக்காந்து இருக்கவுக யாராச்சும் உண்டா?"