வேண்டாம் என்று எழுதிய கீழ்க்காடு

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். விளக்கப் போனால் எனக்கே ஆத்திரம் வந்துவிடும். ஆனால் இதை விளக்காமல் என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனி, காடுகளில், அதாவது மலைப் பயிர் நிலங்களில், தண்ணீர் வால்வைத் தானாகத் திறந்து மூடும் பெட்டிகளை விற்கிறது. நான் கொடைக்கானல் டவுனில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, மலை முழுக்க இருக்கும் பெட்டிகளின் புகார்களைக் கவனிக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அது எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு கோப்பு உண்டு. அந்தக் கோப்பை யாரும் கையால் எழுதுவதில்லை. டெம்ப்ளேட் என்று ஒரு பொது அச்சு இருக்கிறது. விவசாயி போனில் தட்டும் பதில்களை அது உள்ளே நிரப்பி, அவரவர் காட்டுக்கான கோப்பைத் தயார் செய்துவிடும்.

அந்த டெம்ப்ளேட்டில் ஒரு வரி. எங்கள் மலையில் மார்கழியிலிருந்து மாசி வரை உறைபனி விழும். வெயில் படுவதற்குள் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவாவிட்டால் உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும். அதற்காக 'பனித்தண்ணீர்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். சிலர் 'வேண்டும்' என்று எழுதுவார்கள், சிலர் நேரத்தை எழுதுவார்கள் என்பதால் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். டெம்ப்ளேட் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் திற. என்ன எழுதியிருக்கிறது என்று அது படித்துப் பார்க்காது. 'வேண்டாம்' என்று எழுதினாலும் அது ஏதோ ஒன்று இருப்பதுதானே, வால்வைத் திறந்துவிடும்.

கட்டத்தைக் காலியாக விட்டால் திறக்காது. அதுதான் அவர்கள் வைத்த வழி. எங்கள் மேல்மலை ஊர்களில் அந்த வழி எடுபடவே எடுபடாது. ஓடைத் தண்ணீரை முறை வைத்து விடும் ஊர்கள் அவை. முறை வந்தால் வாய்க்கால் தானாக உன் காட்டுக்குத் திரும்பும். உனக்கு வேண்டாமென்றால் முந்தின சாயங்காலமே போய் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் தண்ணீர் வந்து நிற்கும், அப்புறம் கத்திப் புண்ணியமில்லை. இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் எப்படிக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள்? ஆளுக்கு ஆள் 'வேண்டாம்', 'வேணாம்', 'இப்ப வேண்டாங்க' என்று மரியாதையாக எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் குளிரிலேயே நான் இதைக் கண்டுபிடித்தேன். வேண்டாம் என்றவர்கள் காட்டிலெல்லாம் தண்ணீர் ஓடியிருந்தது. நிற்கிற பயிர் கொஞ்சம் கூடுதலாக நனைந்ததோடு சரி என்பதால் ஒருவரும் புகார் சொல்லவில்லை. நான் கோயமுத்தூரில் இருக்கும் எங்கள் டீம் லீடிடம் சொன்னேன்.

"சார், ஏதாவது இருக்கான்னு கேக்காம, 'ஆம்'னு இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க. ஆம்னா மட்டும் தொறக்கட்டும். ஒரு வரிதான்."

"ஹெல்ப் பேஜ்ல தெளிவா போட்டிருக்கோமுங்க மேடம். வேண்டாம்னா காலியா விடணும்."

"வேண்டாம்னு எழுதினவன் காட்டுல தண்ணிய விட்டா அது என்ன சார் நியாயம்?"

"இப்ப மாத்தினா நேரம் எழுதினவங்களுக்கெல்லாம் நின்னுபோயிருமுங்க. எல்லார்த்துக்கும் ஒரே டெம்ப்ளேட்டு. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. டெம்ப்ளேட்டைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு, தொட அனுமதி இல்லை. பெட்டிகளும் அப்படித்தான், எந்த வால்வு திறந்திருக்கிறது என்று பார்க்கலாம், மூட முடியாது. மாதத்துக்கு ஒரு தரம் நினைவூட்டினேன். அவர் மாதத்துக்கு ஒரு தரம் சரி என்று கட்டைவிரல் படம் அனுப்பினார்.

என்னால் ஆனது, ஊர் ஊராகப் போய் அவர்கள் எழுதியதை அழித்துவிட்டு, காலியாக விடுங்கள் என்று சொன்னதுதான். அக்காவிடமும் சொன்னேன். அக்கா மேல்மலையில், டவுனிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கிறாள். மாமா இறந்த பிறகு சில வருஷம் அடுத்தவர் காட்டில் கேரட் பிடுங்கும் கூலிக்குப் போனாள். பிறகு மாமாவின் நிலத்தைத் தானே திருத்தி, மேல்காட்டில் உருளையும் கீழ்க்காட்டில் பூண்டும் போட்டாள். இனிச் செத்தாலும் கூலியாட்களை அள்ளிப்போகும் மேஸ்திரி ஜீப்பில் ஏறமாட்டேன் என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. என் கம்பெனிப் பெட்டியை நம்பி வாங்கியவளும் அவள்தான். அதுவரை பனிக்காலம் முழுக்க இருட்டில் எழுந்து போய்த் தண்ணீர் அடித்தவள், பெட்டி வந்தபின் விடியும்வரை தூங்கினாள். அது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

"ஏடி, நீ படிச்சவதான். ஆனா தண்ணி முறை உனக்குத் தெரியலயே" என்று சிரித்தாள் அக்கா. "சும்மா விட்டா தண்ணி நம்ம காட்டுக்குள்ள வந்துரும்டி. வாயத் தொறந்து வேணாம்னு சொல்லணும்."

"அது வாய்க்காலுக்கா. இது மிஷினு."

"மிஷினும் தண்ணியத்தான விடுது?"

நான் அவள் போனை வாங்கிக் கீழ்க்காட்டுக் கட்டத்தைக் காலி செய்து கொடுத்தேன். சரிடி சரிடி என்று தலையாட்டினாள்.

தை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கீழ்க்காட்டுப் பூண்டைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பிடுங்கிய பூண்டு தாளோடு காட்டிலேயே காய வேண்டும். அதன் பிறகுதான் கட்டாகக் கட்டி வீட்டுக்குள் புகை படும்படி தொங்கவிடுவார்கள். அந்த முறை அவள் விற்பதற்கென்று எதையும் ஒதுக்கவில்லை, அத்தனையும் விதைப்பூண்டு. அடுத்த போகத்தில் மேல்காட்டையும் சேர்த்து நடுவதற்காக வைத்தது. இந்தப் பூண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாதே என்று பயந்து, சாயங்காலம் காட்டு மேட்டில் நின்று போனை எடுத்து, கட்டத்தில் நிறுத்தி நிதானமாக 'வேண்டாம்' என்று தட்டியிருக்கிறாள்.

மறுநாள் வெள்ளனே எழுந்து அடுப்பில் டீக்குப் பால் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். உறைபனி எச்சரிக்கை. மேல்காடு, வால்வு திறந்தது. கீழ்க்காடு, வால்வு திறந்தது. கீழ்க்காடு ஏன் திறந்தது என்று பார்க்க, அக்கா போட்ட பதிலைத் திறந்தேன். வேண்டாம் என்று எழுதியிருந்தது. கீழே குறிப்புக்கான இடத்தில், 'பூண்டு காயுது' என்றும் போட்டிருந்தாள்.

டீம் லீடுக்கு அடித்தேன், போன் அணைந்திருந்தது. மூடும் அனுமதி உள்ள இன்னொருவருக்கு அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு அடித்துப் பயனே இல்லை. அவள் ஊர் பள்ளத்தில் கிடக்கிறது, வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. சிக்னல் காட்டு மேட்டில்தான் உண்டு, அதனால்தான் பெட்டியையே அங்கே வைத்தோம். திரையில் கீழ்க்காடு பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. அதை விரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். உங்களுக்கு அனுமதி இல்லை, உங்களுக்கு அனுமதி இல்லை என்றே சொன்னது. பாவிகளா, பாவிகளா என்று தனியாக நின்று கத்தினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விரல்கள் மரத்துப்போய்ப் பிரேக்கைக் கூடப் பிடிக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் மரத்து உச்சியில் ஏறியிருந்தது. அக்கா எனக்கு முன்பே காட்டுக்கு வந்து வால்வைக் கையால் மூடியிருந்தாள். தலை முதல் கால் வரை நனைந்து, தார்ப்பாயை இழுத்துப் பூண்டை மூடிக்கொண்டிருந்தாள். மூடி என்ன செய்ய? அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. தோல் கழன்ற பூண்டு சேற்றில் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். அதுதான் என்னைக் கொன்றது.

"ஏடி, நான் வேணாம்னுதான போட்டேன்? சரியா விழலயா?"

"சரியாத்தான்க்கா விழுந்துருக்கு."

"பிறகு ஏன் வந்துச்சு?"

"எதையாவது எழுதியிருந்தா வேணும்னு எடுத்துக்கும்க்கா. நீ எழுதாம விட்டிருக்கணும்."

"வேணாம்னு எழுதினா வேணும்னா? எந்த ஊருடி இது?" என்றாள். தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன், வேறென்ன செய்வது.

வீட்டுக்குள் அள்ளிக்கொண்டு போய்த் தரையெல்லாம் பரப்பி, நெருப்பு மூட்டி, சாக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வாரம் திரும்புவதற்குள் பல் பல்லாகக் கறுத்து நாறத் தொடங்கியது. விதைக்கு நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "உன் சம்பளத்துல எத்தனை நாளைக்குடி நான் காடு வச்சுக்கிறது?" என்று கேட்டுவிட்டு முற்றத்தைக் கூட்டப் போய்விட்டாள்.

பங்குனியில் டீம் லீடே அழைத்தார். அந்த வரியை மாற்றிவிட்டார்களாம். இனிக் கட்டத்தில் ஆம், இல்லை இரண்டில் ஒன்றைத்தான் தொட முடியும், நேரத்துக்குத் தனிக் கட்டம். டெம்ப்ளேட்டும் ஆம் என்றால் மட்டுமே திறக்குமாம். மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். உங்க ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு பெட்டியில் சோதித்துச் சொல்லுங்க, அதுக்கு மட்டும் அனுமதி போட்டிருக்கேன் என்றார். பயிர் இல்லாத காடாக இருந்தால் நல்லது, தப்பாகத் திறந்தாலும் நஷ்டமில்லையாம்.

அப்படி ஒரு காடுதான் எனக்குத் தெரியுமே. அக்காவின் கீழ்க்காட்டுக் கோப்பைத் திறந்தேன். பனித்தண்ணீர்க் கட்டத்தில் 'இல்லை'யைத் தொட்டேன். பனி விழுவதுபோல் ஒரு பொய் எச்சரிக்கையை அனுப்பினேன். வால்வு அசையவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அனுப்பினேன், அப்போதும் மூடியே இருந்தது.

சரியாக வேலை செய்கிறது என்று அவருக்கு எழுதினேன். அந்த நேரத்துக்கு அக்கா மேஸ்திரி ஜீப்பில் ஏறிப் போய், யாரோ ஒருவர் காட்டில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.