சூசையம்மா துரையாக உட்கார்ந்த நாள்

என் அம்மா சூசையம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு வரைக்கும்.

ஹுன்னஸ்கிரியவில் அப்பா செத்ததும், அண்ணன் சுவக்கினைக் கண்டியில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து கொழுந்தெடுத்தாள். அங்கே அண்ணனை யாருக்கும் தெரியாது. முப்பத்துநாலாம் வருஷம் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர் வேலை காலியானது. ஆபீஸ் வாசலில் காதில் விழுந்த சேதியைக் கண்டிக்குப் போய்ச் சொன்னவளே அம்மாதான். அண்ணன் எழுதிப் போட்டான். நேரில் வரச்சொல்லித் துரையிடமிருந்து கடிதம் வந்தது.

துரையைப் பார்க்கப் போகிற நாளுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குப் போனோம். இரவல் கோட்டு, காலுக்கு இரவல் சப்பாத்து எல்லாம் தயார். அம்புறோஸ் மாமா அண்ணனை நடுவீட்டில் நிற்கவைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"லயத்துக் கூலிப் புள்ளைன்னு தெரிஞ்சா தொரை பேனாவா குடுப்பாரு? செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத்தான் குடுப்பாரு. தாய் தகப்பன் ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசுரோட ஒக்காந்திருக்கவளப் பாத்து என்னா பேச்சு பேசுறீங்க மாமா?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். துரை மாதிரி உட்கார ஒரு ஆள் வேண்டுமென்று மாமா சொன்னதும், அவளே போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். அதற்கு முன் கதிரையில் உட்கார்ந்தே அறியாதவள், கால்மேல் கால் வேறு போட்டுக்கொண்டாள்.

"தாயி இருக்காளா?" என்று கேட்டாள்.

அண்ணன் தரையைப் பார்த்தான். "செத்துட்டாங்க."

"கேக்கலையே! சத்தமாச் சொல்லு. முணுமுணுத்தா தொரைக்குப் புடிக்காது."

"செத்துட்டாங்க, சேர்!"

மூன்று தரம் சொல்லவைத்தாள். மூன்று தரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீசில் அண்ணனிடம் கேள்வியெல்லாம் கேட்டு முடித்தார்கள். தாய் செத்த கதையையும் அவன் சொல்லிவிட்டான். மறுநாள் விடியக்காலம் நாங்கள் பெரட்டுக்கு நின்றோம். பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புகிற இடம் அது. பதில் சொல்லாதவருக்கு அன்றைக்கு வேலையில்லை. கோட்டும் சப்பாத்துமாக அண்ணன் துரைக்குப் பக்கத்தில் நின்றான். குரல் எடுபடுகிறதா என்று பார்க்க, துரை பேர்ப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்துக் கூப்பிடச் சொன்னார். இதை மாமா பழக்கவில்லை.

பத்துப் பதினைந்து பேர்களைக் கூப்பிட்டான். பிறகு, "சூசையம்மா!"

பெற்றவளை மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஐயா!" என்றாள் அம்மா. குரலில் நடுக்கம் இல்லை. பெருமைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மேபல்!"

"இருக்கேண்ணே!" என்று மலை அதிரக் கத்தினேன்.

கிளாக்கரை அண்ணே என்று கூப்பிட எவளுக்கு வாய் வரும்? துரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அம்மாவிடம் வந்தார்.

"இவன் உன் மகனா?"

அண்ணன் வாய் திறப்பான் என்று பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனை அன்றைக்கே மன்னித்திருப்பேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றான், பாவி.

அம்மா கும்பிட்டாள். "இல்லைங்க தொரை. இவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். செத்துட்டான். அதுலேர்ந்து இவ யாரப் பாத்தாலும் அண்ணேங்கிறா."

துரை திரும்பிப் போய், "கூப்பிடு" என்றார். அண்ணன் அம்மாவை ஒரு தரம் பார்த்தான். பிறகு குனிந்து அடுத்த பேரைக் கூப்பிட்டான்.

வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. கூடையை மாட்டிக்கொண்டு நாங்கள் மலையேறினோம். எனக்கு முன்னால் போன அம்மா, வழி நெடுக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மகனைப் புதைத்துவிட்டு வருகிறவள் அப்படித்தான் அழுவாள்.