தலைவரை அடிக்கச் சொன்ன நாள்

ஆரோக்கியம் அண்ணன் இன்று காலை போய்விட்டார். அவர் மகள் போன் செய்தபோது டப்பிங்கில் இருந்தேன்... வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். எங்கள் ஹீரோவின் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர், காலேஜ் படித்துக்கொண்டிருந்த நான் செயலாளர். உறுப்பினர்கள் மொத்தம் பதினோரு பேர்.

கொடைக்கானலில் எங்கே ஷூட்டிங் நடந்தாலும் அண்ணனுக்கு முதலில் தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு பாட்டுக்காக மழையில் நாள் முழுக்க நின்றோம். நான் குடைக்கடியில் உட்கார்ந்து "இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டிருந்த டைரக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, தலைவரு அங்கிட்டு நிக்கிறாரு. நீ எங்கிட்டுப் பாக்குற?" என்றார் அண்ணன். மன்றத்துக்கு அவர் தலைவர் என்றாலும், அவருக்குத் தலைவர் ஹீரோதான்.

பல வருடம் கழித்து, டைரக்டராக என் மூன்றாவது படம். அதே ஹீரோ, இப்போது அப்பா வேடத்தில்.

பண்ணைக்காட்டில், காப்பிக்கொட்டை காயும் களத்தில், ஒரு வியாபாரி அவரை ஊர் முன்னால் அறையும் சீன். வியாபாரியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணனைக் கேட்டேன். சந்தோஷமாக வேட்டி மாற்றிக்கொண்டு வந்தவர், சீனைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்க மாட்டேன்டா. வேற என்னன்னாலும் சொல்லு, செய்யிறேன்."

கெஞ்சி நிற்க வைத்தேன். ஆறு டேக். ஆறிலும் கை கன்னத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது... எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன், அவர் வெறும் நடிகர்தான், அடிங்க என்று.

"ஒனக்கு அவரு அவ்வளவுதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏழாவது டேக்கில் அடித்தார். நிஜமான அடி.

ஹீரோ சிரித்துக்கொண்டே அவர் தோளில் கை போட்டார். அண்ணன் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என் போனை எடுக்கவில்லை. நானும் ரோஷத்தில் விட்டுவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு லாட்ஜுக்கே போய் நின்றேன். டீ வரவழைத்தார். வத்தலக்குண்டுக்குத் தனியாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்தாராம்.

"அடி வாங்கிட்டு தலைவரு ஒண்ணும் பேசாம நிக்கிறாருல்ல... அதுக்காகவா அந்தக் கத்து கத்துன?"

ஆமாண்ணே என்றேன்.

"அதச் சொல்லிருந்தா மொத டேக்லயே அடிச்சிருப்பேன்ல."

மன்னிப்புக் கேட்டேன். டீ ஆறுது, குடி என்றார்.

சற்று முன் ஹீரோவிடம் சொன்னேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று கேட்டார்.

நாளை அடக்கத்துக்கு ஒரே காரில் வருகிறோம், அண்ணே. தலைவர் உங்களைப் பார்க்க வருகிறார்.